ஆக்சிலரேட்டர் போர்டும் ஆரோக்கியசாமி அண்ணனும்

ஏப்ரல் 27, ஞாயிறு

பாட்டுப் பயிற்சி பாதியில் நின்றது. காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் வயலின்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னணி இசை வாசிக்கும் என் பழைய கம்ப்யூட்டர் அமிகா ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கோவில் முழுக்க 'ஈ' என்று ஒரே இழுப்பு. குழுவை நடத்திப் பாடும் ஆரோக்கியசாமி அண்ணன் கையை உயர்த்தியபடி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். நான் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்போல. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அந்தச் சுரத்தையே மூச்சு முட்டும்வரை பிடித்தார்கள். பிறகு திரையில் பிழைச் செய்தியின் சிவப்புப் பெட்டி மின்னியது.

அணைத்துப் போட்டேன். ஓடியது. மறுபடி அதே இடத்தில் நின்றது.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். ஜனவரியில்தான் எங்கள் பங்குக்கு மாற்றலாகி வந்தவர், குண்டூர்க்காரர். "இதி ஏமிட்டி, டைப்ரைட்டரா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர்தான் ஃபாதர் என்றேன். முப்பது வயதைத் தாண்டியது, மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தது, தானாக நான்கு குரல்தான் எழுப்பும். அடியில் ஆக்சிலரேட்டர் போர்டு என்று ஒன்றைச் செருகியிருக்கிறேன், வேகமான இன்னொரு மூளை மாதிரி, அதனால் பதினாறு குரல். அதில் பன்னிரண்டு வயலின் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தெலுங்குக் குழுவிடம் ஒரே ஒரு கீபோர்டுதான் இருக்கிறது, ஆனால் நின்றதே இல்லை என்றார்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தமிழ்ப் பூசைக்குக் கூட்டம் குறைகிறதாம். பிள்ளைகள் எல்லாம் தெலுங்கில்தான் பேசுகிறார்களாம். மே மாத நவநாளின் ஒன்பது நாளில் தமிழுக்கென்று ஒரு நாள் ஒதுக்குகிறார்களே, அது அடுத்த வருஷமும் வேண்டுமா என்று பங்குப் பேரவை யோசிக்கிறதாம். இந்த வருஷம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம் என்றார்.

பார்ப்போம் என்றால்? எதைப் பார்ப்பார்?

ஏப்ரல் 28, திங்கள்

வேலை முடிந்து வந்து போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. "சரியாயிடுச்சுபோல" என்று மனைவி விஜயா சொன்ன கணத்தில் நின்றது.

ஏப்ரல் 30, புதன்

அமிகாவைக் கவிழ்த்து, அடிப்பக்கக் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டின் மேல் விரலை வைத்தேன். சுட்டுவிட்டது.

ஜீடிமெட்லாவில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் கருவிப் பராமரிப்பு என் பொறுப்பு. ஓடும் கருவியைத் திறக்காதே, தொடாதே என்று ஆய்வகச் சுவரில் ஒட்டியிருப்பது நான் எழுதி, நான் கையெழுத்துப் போட்டது. அதே கையின் விரல்தான் இது.

விஜயா ஆஸ்பத்திரியில் நர்ஸ். விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே, "இப்ப பேஷன்ட் யாரு, அதுவா நீங்களா?" என்றாள்.

சூடு ஏறினால் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ஏப்ரல் இன்னும் முடியவில்லை. எங்கள் மௌலா அலியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது, பாவம்.

மே 1, வியாழன்

விடுமுறை. போர்டு செருகும் இடத்தில் பித்தளைப் பல் மாதிரி வரிசையாக இருக்கிறதே, அது கறுத்திருந்தது. ரப்பரால் தேய்த்தால் போகும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் இருந்தது ரோஸ்லினின் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் மட்டும்தான். மகள் இன்டர் முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, இன்னும் அந்த ரப்பர்தான் வாங்குகிறாள். தேய்த்தேன். பளபளவென்று வந்தது. மூன்று பாட்டு நிற்காமல் ஓடியது. சரியாகிவிட்டது.

ஆகவில்லை. இப்போது சூடு ஏறினால் ஸ்ட்ராபெரி வாசனையும் வருகிறது.

மே 4, ஞாயிறு

இன்று செய்தது புத்திசாலித்தனமா, மடத்தனமா?

காலையிலேயே கோவிலுக்குப் போய், பாட்டுப் புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து அமிகாவை அதன் மேல் ஏற்றினேன், அடிக்கதவு திறந்தபடி. காற்று வேண்டுமே. பீடத்தின் பக்கத்தில் நிற்கும் பெரிய ஃபேனை அமிகா பக்கம் திருப்பி வைத்தேன். பூசை முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. பன்னிரண்டு வயலினும் முழங்கின.

ஃபாதர் உடம்பில் அங்கி மேல் அங்கி. நற்செய்தி வாசிக்கும்போது முகத்தைத் துடைத்தார். மறையுரையில் இரண்டு முறை துடைத்தார். மூன்றாம் முறை துடைக்கும்போது ஃபேனைப் பார்த்தார், காற்று போகும் திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறையுரை சட்டென்று முடிந்தது.

பூசை முடிந்ததும் நேராக வந்தார். "எவரிக்கி எக்குவ வேடி? நாக்கா, மெஷின்கா?" யாருக்கு அதிகச் சூடு என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் "மெஷினுக்குத்தான் ஃபாதர்" என்றேன். அதுதானே உண்மை.

தமிழ் நாள் என் வாயாலேயே போகப்போகிறது என்று வழியெல்லாம் விஜயா சொல்லிக்கொண்டு வந்தாள்.

மே 6, செவ்வாய்

ரோஸ்லின் ஒரு யோசனை சொன்னாள். எல்லாப் பாட்டையும் ஃபோனில் பதிந்துவிட்டால் போயிற்று. "ரெக்கார்ட் சேசி பிளே சேயொச்சு கதா டாடி." நான் தமிழில் கேட்கிறேன், அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேச்சு ஓடுகிறது.

முடியாது என்று விளக்கினேன். ஆரோக்கியசாமி அண்ணன் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். குழுவில் மூத்தவர். அவர் நினைத்த இடத்தில்தான் மூச்சு வாங்குவார், நினைத்த இடத்தில்தான் இழுப்பார், குழு அவர் பின்னால் போகும். பதிந்த பாட்டு அவருக்காகக் காத்திருக்காது. நான் காத்திருப்பேன். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே மௌஸால் வேகத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸோ யூ ஆர் தி ஆக்சிலரேட்டர், டாடி" என்றாள்.



மே 9, வெள்ளி

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன்? சும்மா இருந்திருக்கலாம்ல?

சாயங்காலம் உட்கார்ந்து, போர்டில் கசிந்துபோயிருந்த பழைய கெப்பாசிட்டர்களை மாற்றலாம் என்று சால்டரிங் அயர்னை எடுத்தேன். முதலாவது அழகாக வந்தது. இரண்டாவது அதைவிட அழகாக. அங்கேயே எழுந்திருக்க வேண்டும். மூன்றாவது அசையவில்லை. ஆட்டினேன். கொஞ்சம் இழுத்தேன். வந்தது — அடியில் இருந்த செம்புத் தடத்தையும் தோலோடு உரித்துக்கொண்டு வந்தது.

கம்பி வைத்து ஒட்டினேன். மாட்டிப் போட்டேன். திரை முழுக்க மஞ்சள். இன்னொரு தடவை, மஞ்சள். அதற்கப்புறம் மஞ்சளும் இல்லை.

கசிந்த கெப்பாசிட்டரைச் சூடு பண்ணினால் அழுகின மீன் நாற்றம் வரும்னு யாரும் சொல்லலை. ட்யூட்டி முடிந்து வந்த விஜயா வாசலிலேயே நின்று, மூக்கைச் சுளித்து, "வெள்ளிக்கிழமைன்னு கறிக்குப் பதிலா மீன் வாங்கினீங்களா? ஏமாத்திட்டான்" என்றாள்.

மே 10, சனி

போர்டு போய்ச் சேர்ந்தது. விஜயா காலையில் வந்து, துக்க வீட்டில் உட்காருவதுபோல கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். துக்கம்தானா, சிரிப்பை அடக்கினாளா என்று தெரியவில்லை.

போர்டு இல்லாமல் அமிகா குளுகுளுவென்று ஓடுகிறது. நிற்கவே இல்லை. அதனால் என்ன? நான்கு குரல்தானே. பகல் முழுக்க உட்கார்ந்து வயலின்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். கடைசியில் ஓர் ஆர்கன், ஒரு புல்லாங்குழல், ஒரு தாளம், அடியில் ஒரு தடித்த நாதம். எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது.

மே 11, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

பயிற்சியை நான்கு குரலோடு ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே குழு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் தங்கள் குரல் அவர்களுக்கே கேட்டதில்லை. சிலர் சத்தத்தைக் குறைத்தார்கள். பதிலுரைப் பாட்டில் ஒரு வார்த்தையை ஆளுக்கொரு மாதிரி உச்சரிப்பது தெரியவந்தது. பரவாயில்லை, இதெல்லாம் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன்.

காணிக்கைப் பாட்டு வந்தது. அதில் ஆரோக்கியசாமி அண்ணனுக்கென்று இரண்டு வரி தனி. என் குரலுக்கு மைக் வேண்டாம் என்று எப்போதும் தள்ளித்தான் நிற்பார். வழக்கமாக அந்த இடத்தில் பன்னிரண்டு வயலினும் சேர்ந்து எழும். இன்று எழவில்லை. அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார், கண்ணை மூடினார். புல்லாங்குழல் மட்டும் கேட்டது.

என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். வாய் அசைகிறது. அழகாக அசைகிறது. இழுக்கிற இடத்தில் இழுக்கிறது. ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுச் சாவி வாங்க வந்து பின்பக்கம் நின்றிருந்த ரோஸ்லின்தான் கேட்டுவிட்டாள்: "அங்கிள் மியூட்லோ உன்னாரா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார். பாட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கேட் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பதினாறு குரல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு குரல் இல்லாதது எனக்குத் தெரியவில்லை.

மே 12, திங்கள்

விஜயாவுக்குத் தெரிந்திருக்கிறது! அவள் ஆஸ்பத்திரியில்தான் அண்ணனுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்ததாம், அதில் குரல் நரம்பு போய்விட்டதாம். கரகரவென்று பேச வரும், பாட வராது. நாங்கள் எல்லோரும் அது வயசுக் கரகரப்பு என்றே நினைத்திருந்தோம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பேஷன்ட் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது, இதுகூடத் தெரியாதா என்று என்னைத் திட்டினாள்.

மே 14, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே காலனியில் அந்த வீட்டு வராந்தாவில் ஏர் கூலரை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கைக்கு வந்தே ஃபெலிக்ஸு?" என்றார். 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன். சும்மாதான் என்றேன்.

ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். "ஆபரேசனுக்கு அப்புறம் பாட்டு வரல. அடுத்த வாரம் வந்துடும்னு நெனச்சி நின்னேன். அடுத்த வாரமும் வரல. உன் வயலின் பெருசா இருந்துச்சி, யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் எந்த வாரம் போய்ச் சொல்றது, சொல்லு?"

ஆறுதலாகப் பேச நான்கு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். கோபம்தான் வந்தது, ஏன் என்று இப்போதும் புரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்ணே. நீங்க வரலேன்னா நான் எதைப் பாத்து ஓட்டுறது? எங்க நிறுத்தணும், எங்க இழுக்கணும்னு எனக்கு என்ன தெரியும்?"

"பாட்டு இல்லாத வாய வெச்சி என்னா பண்ணுவே?"

"நான் என்னைக்குண்ணே உங்க பாட்டைக் கேட்டேன்? பாத்துத்தானே ஓட்டினேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்று உறைத்தது. அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிக்கிறார். அதற்கும் சத்தம் இல்லை.

அண்ணன் மனைவி அன்னக்கிளி அக்கா உள்ளிருந்து டீயோடு வந்தார். அண்ணனை எப்படியாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வீட்டில் விட்டுவைத்தால் அடுத்து ஃபிரிட்ஜைக் கழற்றுவாராம். "நக்கோ" என்று மறுத்தார் அண்ணன். ஆனால் ஞாயிறு எத்தனை மணிக்குப் பயிற்சி என்றும் கேட்டார்.

மே 18, ஞாயிறு

வந்தார். சிரித்த இருவரில் ஒருத்தி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வழக்கமான இடத்தில் நிற்காமல், குழுவைப் பார்த்து முன்னால் நில்லுங்கள் என்றேன். முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் வாயைத் திறந்தார், எல்லோரும் பாடினார்கள். மூடினார், நின்றார்கள். இத்தனை நாள் அவரைப் பக்கவாட்டில் நான் ஒருவன்தான் பார்த்தேன். இப்போது எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். பதிலுரை ஒரே வாயாக வந்தது.

அவருடைய இரண்டு வரியை யார் பாடுவது? அண்ணன் யோசிக்கவே இல்லை, பெண்கள் வரிசையில் நின்ற விஜயாவைக் கை காட்டினார். ஆண் குரலுக்கு எழுதிய வரி. ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல் அவளுக்குப் பொருந்தியது. கனமான, அடர்த்தியான குரல். நான் மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இப்படி ஒரு குரலா என்று வரும்போது கேட்டேன். "தெனம் வீட்டுல கத்துறேனே, அப்ப கேக்கலையா?" என்றாள்.

மே 24, சனி

நவநாளில் தமிழ் நாள். இப்போதுதான் வந்து குளித்தேன்.

வெயில் சாயங்காலத்திலும் இறங்கவில்லை. போனதும் முதல் வேலையாக அந்தப் பெரிய ஃபேனை ஃபாதர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் வந்து நின்றார், காற்றை உணர்ந்தார், என்னைப் பார்த்தார். நான் குனிந்து வயர்களைச் சரிபார்ப்பதுபோல இருந்தேன். காற்று வந்த சந்தோஷத்தில் மறையுரையை நீட்டிக்கொண்டே போனார். நடுவில் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்திருந்த இரண்டு தமிழ் வாக்கியங்களை வாசித்தார். ஒன்று புரிந்தது.

அமிகா நிற்கவில்லை. நான்தான் நின்றேன். காணிக்கைப் பாட்டில் விஜயாவின் வரி வந்தது, நான் அவளைக் கேட்டுக்கொண்டு அண்ணன் வாயைப் பார்க்க மறந்தேன். அமிகா பாடுகிறவர்களுக்கு அரை வரி முன்னால் ஓடிவிட்டது. ஐயோ என்று நிமிர்ந்தபோது அண்ணன் வாய் மூடியிருந்தது. குழு முழுக்க மூச்சைப் பிடித்து நின்றது. ஆர்கனும் புல்லாங்குழலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. திரும்பி என்னைப் பார்த்தார், தொப்பி போட்ட ரயில் கார்டு, டிரைவரைப் பார்க்கிற மாதிரி. அமிகாவின் வேகத்தைக் குறைத்து, குழு மறுபடி சேர வேண்டிய இடத்துக்கு வந்தேன். வாய் திறந்தது. எல்லோரும் பாட்டில் இறங்கினார்கள்.

பெஞ்சுகளில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த மௌனம் எவ்வளவு உருக்கமாக இருந்தது என்று மூன்று பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஃபாதர் கடைசியில் வந்தார். பேரவைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க அண்ணன் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஃபாதரே சொன்னார்: "ஈசாரி மாட்டலு வினபட்டாயி." இந்தத் தடவைதான் வார்த்தைகள் காதில் விழுந்தனவாம். அடுத்த வருஷமும் தமிழ் நாள் உண்டு.

என் பன்னிரண்டு வயலின் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

போலந்துக்காரர் ஒருவரிடமிருந்து மெயில். ஏப்ரலில் நான் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அதே ஆக்சிலரேட்டர் போர்டு அவரிடம் ஒன்று இருக்கிறதாம், நல்ல நிலையில், வேண்டுமா என்று கேட்கிறார். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. நாளைக்கு எழுத வேண்டும்.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு வந்தார், ரகசியம் பேசுவதுபோலக் கதவைச் சாத்தினார். தெலுங்குக் குழுவின் ஆட்கள் வந்து கேட்டார்களாம். அவர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் ஆரம்பிக்கிறார்களாம், கொஞ்ச நாளைக்குத் தங்கள் முன்னால் வந்து நிற்க முடியுமா என்று. பயிற்சி நேரத்துக்காக அதே குழுவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டவர் இவர். தெலுங்கு பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. "போலாமா ஃபெலிக்ஸு?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடுவார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

போங்கண்ணே என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

தெலுங்குப் பூசைக்குப் போனோம், மூன்று பேரும். ரொம்ப நாளுக்கப்புறம் கையில் மௌஸ் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விஜயா பிடித்துக்கொண்டாள். ரோஸ்லின் எல்லாப் பாட்டையும் கூடப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டதில்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு முன்னால் நின்றார். கை உயர்ந்தது, வாய் திறந்தது. எங்கள் வரிசையிலிருந்து பக்கவாட்டில்தான் தெரிந்தது. அது எந்த மொழியில் அசைந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.